'மற்றும் பலர்' அல்ல, சகஸ்ரநாமம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'பராசக்தி' பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கலைஞரின் வசனத்தையும் சிவாஜியின் அறிமுகத்தையும் மனம் நிறைய எழுதியிருந்தார்கள். ஆனால் நீதிபதியாக வரும் மூத்த அண்ணன் சந்திரசேகரனாக நடித்த எஸ்.வி. சகஸ்ரநாமத்தை 'மற்றும் பலர்' விழுங்கிவிட்டது. அவர் பிறந்த சிங்காநல்லூரில் வசிப்பவன் நான். ஊர்ப்பாசம் மட்டும் இந்தக் கடிதத்துக்குக் காரணமில்லை.

1970களில் எங்கள் மில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவோம். ஒருநாள் எங்கள் நாடக வாத்தியார் ஒத்திகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, டூரிங் டாக்கீஸில் மறுபடி வந்திருந்த 'பராசக்தி'க்கு எல்லோரையும் அழைத்துப் போனார். "கோர்ட் காட்சியில் பேசுகிறவர்களைப் பார்க்காதீர்கள். நீதிபதியைப் பாருங்கள்" என்றார். கூண்டில் நிற்கும் கல்யாணி தன் கதையைச் சொல்லச் சொல்ல, அவள் தன் தங்கை என்று அந்த நீதிபதிக்கு உறைக்கிறது, மயங்கிச் சாய்கிறார். அதுவரை எத்தனையோ முறை பார்த்த படம். அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். என் வேடத்துக்கு நான்கே வசனம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவன், அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

சிறுவனாக டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து சகஸ்ரநாமம் பழகிய நடிப்பு அது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என்.எஸ். கிருஷ்ணன் சிறையில் இருந்தபோது, அவருடைய நாடகக் குழுவை எடுத்து நடத்தியவர் சகஸ்ரநாமம். பின்னர் சொந்தமாகச் சேவா ஸ்டேஜ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பி.எஸ். ராமையா, தி. ஜானகிராமன் போன்ற எழுத்தாளர்களின் நாடகங்களை அங்கே அரங்கேற்றினார். பாரதியின் 'பாஞ்சாலி சபத'மும் மேடை ஏறியது. பத்திரிகைக் கதைகளில் பெயர் வாங்கியவர்களை நாடகத்துக்கு இழுத்து வந்த இந்த வேலை, அவர் நடித்த அத்தனை படங்களையும்விடப் பெரியது என்பது என் எண்ணம். ராமையாவின் 'போலீஸ்காரன் மகள்' 1962இல் ஸ்ரீதர் இயக்கத்தில் படமானபோது, தந்தையாக நடித்தவரும் அவர்தான்.

சேவா ஸ்டேஜுக்காக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்த நாடகங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். 'நாலு வேலி நிலம்' நாடக நோட்டீஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. கேட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன்.

- ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.