சனி பின்னேரம் கல்லடி பீச்சில கூடுவம்

மக்காள், வாற சனி பின்னேரம் 5 மணிக்கு மட்டக்களப்பு கல்லடி பீச்சில பாட்டுப் பாடக் கூடுவம். ஸ்டேஜுமில்ல டிக்கட்டுமில்ல, ரெண்டு கிட்டார், ஒரு கஹோன் (பெட்டி மாதிரி, மேல இருந்து தட்டுற மேளம்), சார்ஜில ஓடுற சின்ன ஸ்பீக்கர் அவ்வளவுதான், ஜெனரேட்டர் வேணாம், போனமுறை அந்த இரைச்சல்ல ஒரு பாட்டும் கேக்கல்ல. கவர் பாட்டு ஆளுக்கு ஒண்டுதான், மத்தது சொந்தப் பாட்டா இரிக்கோணும்.

இந்தமுறை கூத்தாடுற அண்ணாமாரும் மத்தளம் சல்லரியோட (சின்னத் தாளம்) வாறாங்க, வடமோடிக் கூத்துத் தாளத்துக்கு கிட்டார் புடிச்சுப் பாப்பம், கூத்துப் பழக்குற அண்ணாவியார் பாட நாம பிற்பாட்டு, சொதப்பினாலும் பரவால்ல. விபுலாநந்தா இன்ஸ்டிடியூட்ல மியூசிக் படிக்கிற ஆக்கள் கிட்டத்தானே இரிக்கீங்க, வயலின தூக்கிட்டு வாங்க. 1947ல வெளிவந்த யாழ் நூல, பழந்தமிழ் இசையப் பத்தின புத்தகத்த, எழுதின விபுலாநந்த அடிகள்ட ஊர்ப்பக்கம் இது, கல்யாண வீட்டு பேண்டோட மட்டும் நிண்டா எப்பிடி?

பாட வாறவங்க வெள்ளிக்குள்ள இதுல பேரப் போடுங்க. மழையெண்டா காலையில சொல்றன்.