சாவுக்கு முன்பணம் வாங்கினால் அதற்குக் கணக்கு வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் மாமா தவறிவிட்டார். எண்பதைத் தாண்டிய மனிதர், பால்மரம் வெட்டியே காலத்தை ஓட்டியவர், பெரிதாகப் படுக்கையில் கிடக்கவும் இல்லை, அதனால் அவர் போனதைப் பற்றி அழுது இந்தக் கடிதத்தை எழுதவில்லை. சாவுச் செலவுக்கென்று அத்தை முன்கூட்டியே கட்டிய தவணைப் பண ரசீதுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பையன் வீட்டுக்கு வந்திருக்கிறான். "பாட்டி, பிள்ளைங்க தலையில கடன வச்சிட்டுப் போகாதீங்க" என்று காப்பி குடித்துக்கொண்டே பேசி, பெட்டி, வண்டி, சடங்கு செய்ய ஆள், எரிப்புக் கட்டணம் எல்லாம் ஒரே பேக்கேஜ் என்று மாதம் 95 மலேசிய வெள்ளிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டான். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம், அத்தைக்குத் தமிழில் பெயர் எழுத மட்டும்தான் தெரியும். 38 மாதம் தவறாமல் கட்டியிருக்கிறார். மாமா போன இரவு அந்த எண்ணுக்கு அடித்தால் லைன் இல்லை. காலையில் ஈப்போவில் இருக்கிற கடைக்கே போனேன், பலகையில் வேறு பெயர். "நாங்கள் கடையைத்தான் எடுத்தோம், பழைய ஆட்களுடைய கணக்கு எங்களுக்குத் தெரியாது" என்றார்கள், பாவம் பார்த்து 300 வெள்ளி குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். வீட்டில் பிணத்தைப் போட்டுவிட்டு யார் சண்டை பிடிப்பது? கோயில் கமிட்டியும் சொந்தக்காரர்களும் கைமாற்று கொடுத்துத்தான் காரியம் நடந்தது.

அத்தை ஏன் இதில் போய் விழுந்தார் என்று கேட்கிறவர்கள் ரப்பர் தோட்டத்தில் வாழாதவர்களாக இருப்பார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த காலத்தில் சாவுச் செலவுக்கு யாரும் தனியாகப் பயந்ததில்லை. தோட்டத்துக்கென்று சுடுகாடு இருந்தது, பழைய ரப்பர் மரம் விறகாகக் கிடைத்தது, லாரிக்குத் தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டால் போதும், குழி வெட்டவும் விறகு அடுக்கவும் லயத்துப் பையன்களே வந்து நிற்பார்கள். தோட்டம் கைமாறியதும் அத்தனையும் போயிற்று. சுடுகாடு கம்பெனியின் கிராண்டுக்குள், அதாவது நிலப் பட்டாவுக்குள், இருந்த நிலம், அதைத் தனியாக அளந்து ஒதுக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும், அந்தத் துண்டு நிலம் கம்பெனியிடமிருந்து அரசுக்குத் திரும்பியிருந்தால், தேசிய நிலச் சட்டம் 62ஆம் பிரிவில் பொதுத் தேவைக்காக அரசு நிலத்தை மாநில அரசு ஒதுக்கி அரசிதழில் அறிவிக்க வழி இருக்கிறது. எங்கள் தாத்தா பாட்டியைப் புதைத்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. இப்படிப்பட்ட இடத்தில்தான் பேக்கேஜ் விற்கிற பையன் வந்து உட்காருகிறான், கூப்பிட்டு உட்கார வைத்தது நாம்தான் என்றுகூடச் சொல்லலாம்.

சரி, புகார் செய்யலாமே என்பீர்கள். செய்தேன். ஓர் அலுவலகத்தில் இது வியாபாரம், கூட்டரசைப் பார் என்றார்கள். இன்னொன்றில் மயானம் மாநில விஷயம் என்றார்கள். இரண்டாவது ஆள் சொன்னது பாதி உண்மை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் இடுகாடும் சுடுகாடும் மாநிலப் பட்டியலில்தான் வருகின்றன, தனியார் மயானத்துக்கு உரிமம் கொடுக்கிற அதிகாரம் 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி ஊராட்சி மன்றத்துக்கு இருக்கிறது. ஆனால் அந்த மயானத்தின் பெயரைச் சொல்லி ஊர் ஊராகத் தவணை வசூலிக்கிற காசு எந்த வங்கியில் கிடக்கிறது என்று உரிமம் கொடுத்தவர் கேட்பதில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், நல்ல ஏற்பாடுதான். நேரடி விற்பனைச் சட்டத்தில் 10 வேலை நாள் யோசித்துப் பார்க்கும் அவகாசமும் உண்டு. ஆனால் மற்ற சாமானில் பழுது இருந்தால் பத்து நாளில் தெரிந்துவிடும், இந்தச் சாமான் பழுது என்று தெரிய ஒருவர் சாக வேண்டும். அதற்குள் கடையே இல்லை, கடை இல்லாதவன் மீது தீர்ப்பு வாங்கி என்ன செய்வது?

வெளிநாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2022 மார்ச்சில் இப்படி முன்பணம் வாங்கிய ஒரு நிறுவனம் விழுந்தது, சுமார் 46,000 பேர் அதில் கட்டியிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 29 முதல் அங்கே நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் அனுமதி இல்லாமல் யாரும் இந்தத் திட்டத்தை விற்க முடியாது. கூப்பிடாமலே போன் அடித்து விற்பதும் தரகருக்குக் கமிஷன் கொடுப்பதும் தடை. அமெரிக்காவில் 1984லிருந்தே ஈமச்சடங்குக் கடைக்காரர் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலைப் பட்டியல் தரவேண்டும், போனில் கேட்டாலும் விலை சொல்லவேண்டும். முன்பணத்தை எங்கே, எவ்வளவு பூட்டி வைப்பது என்பதை அங்கே மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் வைத்திருக்கின்றன. நம் மலேசியாவும் மாநிலங்கள் சேர்ந்த கூட்டரசுதானே, பேராக் மாநிலம் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

மாநில அரசு புதுச் சட்டம் எழுதும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. மயான உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனை போட்டால் போதும்: வாங்குகிற முன்பணம் தனி டிரஸ்ட் கணக்கில் இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை ஊராட்சி மன்றத்துக்குக் கணக்கு காட்ட வேண்டும், கடை கைமாறினால் ஒப்பந்தமும் சேர்ந்தே கைமாற வேண்டும். அப்புறம் ஒப்பந்தம் தமிழிலும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

எங்கள் சுங்கை சிப்புட், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊர். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு எங்கள் ஆட்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தார்கள். அந்தப் பத்து வெள்ளிக்குப் பங்குக் கணக்கு இருந்தது, கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். அத்தை கட்டிய 3,610 வெள்ளிக்கு யாரிடம் போய்க் கேட்பது?

ரசீது 38ம் மைலோ டின்னில் பத்திரமாக இருக்கின்றன. சட்டமன்ற உறுப்பினரோ நகராண்மைக் கழகத்தில் யாரோ பார்க்க விரும்பினால், எந்த நாள் என்று சொல்லட்டும், அத்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளை,
சுங்கை சிப்புட், பேராக்