‘கொண்டிருந்தான்’ எல்லாம் ‘வாஸ்’ ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘எழுதினான்’ என்றால் சிம்பிள் பாஸ்ட் (‘ரோட்’), ‘எழுதிக்கொண்டிருந்தான்’ என்றால் பாஸ்ட் கன்டினியூஸ் (‘வாஸ் ரைட்டிங்’). தமிழ்வழி ஆங்கிலக் கையேடுகள் பலவும் இந்த இரண்டு இறந்தகால வடிவங்களையும் இப்படி ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. முதல் வாரத்துக்கு இது போதும். பிறகு இதுவே காலை வாரிவிடும்.

‘அப்போதெல்லாம் தினமும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்’ என்பது நல்ல தமிழ். இதை அப்படியே ‘ஹி வாஸ் கோயிங்’ என்று மாற்றினால் பிழை. தமிழில் ‘கொண்டிரு’ வழக்கத்தையும் சுட்டும், நடுவில் நிற்கும் செயலையும் சுட்டும். ஆங்கிலத்தில் பழைய வழக்கத்துக்கு ‘வென்ட்’ அல்லது ‘யூஸ்ட் டு கோ’ என்பதே சரி. எண்ணிக்கை சொன்னாலும் இதே கதைதான்: மூன்று முறை கூப்பிட்டேன் என்றால் ‘கால்ட்’, ‘வாஸ் காலிங்’ அல்ல. எண்ணி முடித்த செயல் முடிந்த செயலாயிற்றே.

எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் உண்டு. ‘நான் வெளியே வந்தபோது மழை பெய்தது’ என்று தமிழில் சொன்னால், ஏற்கெனவே பெய்துகொண்டிருந்த மழையையும் அது குறிக்கலாம். ஆங்கிலத்தில் அதற்கு ‘இட் வாஸ் ரெயினிங்’ வேண்டும். ‘வென்’ போட்டு இரு பக்கமும் சிம்பிள் பாஸ்ட் வைத்தால், பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததாகவே படும்: நான் வந்தேன், மழை தொடங்கியது.

இந்த இரண்டு வடிவங்களுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட ‘ட்ரௌன்’ (நீரில் மூழ்குதல்) என்ற வினையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ‘ஹி வாஸ் ட்ரௌனிங்’ என்றால் தண்ணீரில் தத்தளிக்கிறான், இன்னும் காப்பாற்றலாம். ‘ஹி ட்ரௌண்ட்’ என்றால் ஆள் போய்விட்டான்.

‘நோ’ (தெரிதல்), ‘வான்ட்’ (விரும்புதல்), ‘பிலீவ்’ (நம்புதல்) போன்றவை செயலை அல்ல, நிலையைச் சொல்பவை. அதனால் ‘ஐ வாஸ் நோயிங்’ செல்லாது, ‘ஐ நியூ’ என்பதே சரி. ‘ஹேவ்’ மட்டும் இரட்டை வேடம் போடும்: கையில் பணம் இருந்தது என்றால் ‘ஹேட்’ மட்டும்தான், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றால் ‘வாஸ் ஹேவிங் லஞ்ச்’ தாராளமாக வரும். ‘ஹேவ்’ வினைக்கு ‘இங்’ சேரவே சேராது என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

‘டிட் நாட் வென்ட்’ என்ற பிழைக்கு மருந்து நம் மொழியிலேயே இருக்கிறது. ‘போனேன் இல்லை’ என்று நாம் சொல்வதில்லை, ‘போகவில்லை’ என்கிறோம். எதிர்மறையில் நம் வினையே காலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் காலத்தை ‘டிட்’ சுமக்கிறது. எனவே ‘கோ’ வெறுமனே நின்றால் போதும். கேள்வியிலும் அப்படியே.

தங்கள் நாளிதழ் மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சி வெளியிடுமானால், தனி வாக்கியங்களை மொழிபெயர்க்கச் சொல்வதோடு நிற்க வேண்டாம். ஒரு கடிகார நேரத்தைக் கொடுங்கள்: இரவு 8 மணிக்கு மின்சாரம் போனது. அந்த நொடியில் பாதியில் இருந்த செயல்கள் எவை, அதற்கு முன்பே முடிந்தவை எவை, மின்சாரம் போன பிறகு செய்தவை எவை என்று பிரிக்கச் சொல்லுங்கள். முதல் வகைக்கு ‘வாஸ்’ அல்லது ‘வேர்’, மூன்றாவதற்கு சிம்பிள் பாஸ்ட். நடு வகையில் ‘ஹேட்’ சேர்ந்த இன்னொரு வடிவம் தலைகாட்டும். அதை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கலாம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்