வேப்பேரி வரிசையில் நின்ற அக்காவுக்கு

எங்கள் பூனை முத்துவுக்கு எஃப்ஐபி, பூனைகளுக்கு வரும் கொடிய வைரஸ் நோய். தினமும் ஒரே நேரத்தில் ஊசி, மொத்தம் 84 நாள். வீட்டில் நான்தான் போடுகிறேன். 20-ஆவது நாள் பார்த்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே முடி கொட்டி, ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண்.

கால்நடை மருத்துவமனை வரிசையில் கூடைக்குள் எட்டிப் பார்த்தீர்கள், அக்கா. "மருந்து அமிலம்மா, ஒரு சொட்டு கசிஞ்சாலும் தோலை அரிச்சிடும். ஒரே இடத்துல குத்தாதே" என்றீர்கள். பூனைத் தோலுக்குப் பதில் உங்கள் துப்பட்டாவையே கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, ஊசி எந்தச் சாய்வில் போகணும் என்று காட்டினீர்கள். மருந்தை உறிஞ்சிய ஊசியைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டணும், எடுத்ததும் பஞ்சால் அழுத்தணும், தினம் போட்ட இடத்தை நோட்டில் குறிக்கணும். புண்ணுக்கு டெட்டால் தடவுகிறேன் என்றதும் விழுந்த திட்டு இருக்கிறதே! பூனைக்கு அது விஷமாம். சலைனால் துடைத்தால் போதும் என்றீர்கள். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

இன்று 61-ஆவது நாள். பக்கு உதிர்ந்துவிட்டது. இளஞ்சிவப்புத் தோலில் மெல்லிய முடி முளைக்கிறது, தடவினால் பீச்சம்பழம் மாதிரி இருக்கிறது. நக்காமலிருக்கப் போட்ட காலுறைச் சட்டையை மட்டும் முத்து இன்னும் மன்னிக்கவில்லை.

உங்கள் டோக்கன் எண் வந்ததும் ஓடிவிட்டீர்கள். பேர்கூடக் கேட்கவில்லை. உங்கள் பூனை கறுப்பி, அதுதான் தெரியும். ரொம்ப நன்றி அக்கா. கறுப்பி எப்படி இருக்கிறாள்?