திரையில் ஓடும் இரணைமடு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் கிளிநொச்சிக் கடையின் முன்மேசைக் கொம்பியூட்டரில் இரணைமடுக் குளத்து வான்கதவால் தண்ணீர் பாயும் காட்சி திரையின் பின்னணியாக ஓடுவதைப் பார்த்த பலர், "இதை எங்களுக்கும் போட்டுத் தாங்கோ" என்று கேட்கிறீர்கள். போட்டுத் தருகிறோம், காசு வேண்டாம். அதற்கு முன் சிலதைச் சொல்ல வேண்டும்.

இது புதிய விஷயம் இல்லை. 1997 இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உலாவி வந்தபோதே இணையப் பக்கத்தைத் திரையின் பின்னணியாக வைக்க முடிந்தது. பிறகு வந்த விண்டோஸ் விஸ்டாவில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது விண்டோஸில் ஜிஃப் என்னும் அசையும் படத்தைப் பின்னணியாக வைத்தால் அசையாமல் நிற்கும். அசைய வேண்டுமென்றால் தனி மென்பொருள் வேண்டும். நாங்கள் போடுவது லைவ்லி வால்பேப்பர். இலவசமானது; வீடியோவையும் இணையப் பக்கத்தையும் ஐகன்களுக்குப் பின்னால் ஓட விடும்.

ஆனால் இணையப் பக்கத்தை வைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முதலில் நாங்களும் யூரியூப் இணைப்பைத்தான் கொடுத்தோம். கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரை ஓடியது. மாதத்துக்குப் போட்ட டேட்டா நாலாம் நாளே முடிந்துபோனது. அப்புறம் அதே காட்சியைப் போனில் எடுத்து வன்தட்டில் சேமித்தோம். இப்போது டேட்டா ஒரு துளியும் போவதில்லை. இன்னொன்று, பின்னணியில் வைக்கும் பக்கம் நாள் முழுக்கத் திறந்திருக்கும் உலாவி மாதிரி. யாருடையது என்று தெரியாத முகவரியை அங்கே வைப்பது நல்லதில்லை. வால்பேப்பர் என்று சொல்லிக்கொண்டு வரும் .இஎக்ஸ்இ (.exe) கோப்புகளை, அதாவது திறந்ததும் மென்பொருளாக ஓடும் கோப்புகளை, தயவுசெய்து திறக்காதீர்கள்.

4 ஜி.பி. ராம் உள்ள பழைய மெஷின்களுக்கு நாங்கள் போட மாட்டோம், கேட்டாலும். பிள்ளைகள் அதில்தான் சூம் வகுப்புப் படிக்கிறார்கள். வகுப்பு இடையில் நின்றால் அந்தப் பிள்ளைக்குத்தான் நட்டம். சோளகக் காற்றுப் புழுதி அடைத்த ஃபேனுக்கும் இது கூடுதல் சுமை. முதலில் துப்புரவு செய்வோம்.

மற்றவர்களுக்கு, முழுத்திரையில் வேலை செய்யும்போதும் லப்டொப் பற்றரியில் ஓடும்போதும் படம் நிற்கும்படி அமைத்துத் தருவோம்.

உங்கள் வயலோ, வற்றாப்பளைப் பொங்கலோ, முற்றத்து மாமரமோ, 15 செக்கன் வீடியோ போதும். போனைக் குறுக்காகப் பிடித்து, கை அசையாமல் எடுங்கள். பென்டிரைவில் கொண்டு வந்தால், நீங்கள் இருக்கும்போதே போட்டுக் காட்டுவோம்.

அன்புடன்,
கடையிலிருந்து