முகங்களுக்குப் பெயர் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடி அழகப்பா கல்லூரியின் பழைய படங்களைச் சேர்க்கலாம் என்று நாங்கள் சில பழைய மாணவர்கள் கிளம்பியபோது, கையில் இருந்தவை எங்கள் வகுப்புக் குரூப் போட்டோவும் வேறு நாலைந்து படங்களும்தான். இன்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைந்துவிட்டது. நிறைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி கோட்டையூர் ஆச்சிக்கு. "எங்க அண்ணன் படிச்ச வருசத்துப் படம். பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துருங்கப்பா" என்று சொல்லி, வளவுச் சுவரில் மாட்டியிருந்த படத்தைத் தேக்குச் சட்டத்தோடு இறக்கிக் கொடுத்தார்கள். எத்தனையோ வருட ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. பிரித்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். பிரிக்கவே கூடாது என்று தடுத்த ஸ்டூடியோக்காரத் தம்பி, பளபளப்பு விழாமல் இருக்கக் கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லி, கண்ணாடிக்கு மேலேயே படமெடுத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். தம்பி, உங்களால் நாற்பதுக்கும் மேற்பட்ட முகங்கள் பிழைத்தன.

1948 ஜூலை 25 அன்று மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டிய படத்தை ஒரு குடும்பத்தார் தேடி எடுத்து அனுப்பினார்கள். ஓரமெல்லாம் வெள்ளி பூத்திருந்தாலும் நடுவில் தெளிவாக இருக்கிறது. அந்த ஆய்வகம் நம்மூருக்கு வர, நம் கல்லூரியை நிறுவிய வள்ளல் அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். கல்லூரி தொடங்கியது அதற்கு முந்தைய வருடம், 1947இல். படங்களை வருட வரிசையில் அடுக்கிக்கொண்டே வந்தோம். 1957 ஏப்ரலுக்குப் பிறகு அழகப்பர் எந்தப் படத்திலும் இல்லை. மறைந்தபோது 48 வயதுகூட நிறையவில்லை. தெரிந்த செய்திதான், ஆனாலும் அன்று கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம், அந்த ஓய்வுபெற்ற அட்டெண்டர் ஐயா. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. குரூப் போட்டோக்களின் அடி அட்டையில் பேராசிரியர்கள் பெயர் பட்டத்தோடு இருக்கும், மாணவர்கள் பெயர் இனிஷியலோடு இருக்கும். இரண்டு ஓரத்திலும் கைகட்டி நிற்கிறவர்களுக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் படாமல் ஒவ்வொருவராகக் காட்டினார். இவர் மணியடிப்பவர், இவர் கெமிஸ்ட்ரி லேபில் குடுவை கழுவியவர், இவர் ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறியவர் என்று பதினேழு பேரை ஊர்ப் பெயரோடு சொன்னார். மெஸ்காரரிடம் மூன்று வருடம் சாப்பிட்டவன் நான். அவர் பெயர் எனக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லாப் பெயர்களையும் பென்சிலால் உறைமேல் எழுதிவிட்டோம், ஐயா. இனி இந்தப் படங்கள் எங்கே போனாலும் பேராசிரியர் பெயரோடு அந்தப் பெயர்களும் சேர்ந்தே போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஸ்கேன் செய்து கொடுத்த பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு மதியச் சாப்பாடு போட்ட வீட்டாருக்கும் எங்கள் அன்பு.

இன்னும் ஒரே ஒரு முகம் பாக்கி. ஹாஸ்டல் தின விழாப் படத்தில், கடைசி வரிசை இடது ஓரம், தலைப்பாகையோடு கையில் பித்தளைக் கூஜா வைத்திருக்கும் பெரியவர். அட்டெண்டர் ஐயாவுக்கே தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.