கையுறை போட்டால் போதுமா?

ஐயா,

புதிதாகச் சேரும் மெஷின் ஆபரேட்டருக்கு ஒரு நாள் பயிற்சியே போதும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பொத்தானை அழுத்தக் கற்க அரை மணி நேரம்கூட அதிகம்தான். எப்போது அழுத்தக் கூடாது என்பதைக் கற்கத்தான் நாளாகும். லேத் (இரும்பைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரம்) வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கைக்குப் பாதுகாப்பாயிற்றே என்று கையுறை போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்து மெஷின்காரர் ஓடி வந்து கழற்றச் சொன்னார். இரும்பைப் பிடித்துச் சுழலும் சக் என்ற பாகத்தில் கையுறை லேசாகச் சிக்கினாலும் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்று அப்புறம்தான் புரிந்தது. சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கொக்கியால்தான் எடுக்க வேண்டும், சக்கை இறுக்கும் சாவியை அதில் மாட்டியபடியே மெஷினை ஓட விட்டால் அது பறந்து வந்து அடிக்கும் என்பதையும் அவரே சொன்னார். எல்லாம் சுவரில் ஒட்டிய தாளில் இருந்தவைதான். படிக்கத்தான் யாரும் நேரம் தரவில்லை. (உற்பத்திக் கணக்குப் பலகையைப் பார்க்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது!)

புதியவரை முதல் 2 வாரங்களுக்கு உற்பத்திக் கணக்கில் சேர்க்காமல், அனுபவமுள்ள ஒரு ஆபரேட்டரின் பக்கத்தில் நிறுத்தலாம். இனி இவர் தனியாக ஓட்டலாம் என்று கையெழுத்திடும் உரிமையை மேலாளருக்குத் தராமல், அந்த ஆபரேட்டருக்கே தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு லேத் ஆபரேட்டர்